காலி நாற்காலி

நாற்காலி ஒன்று காலியாகக் கிடக்கிறது!

இவ்வரியைக் கண்டதும் தோழர்கள் பலருக்குப் புருவம் உயர்ந்திருக்கும். எந்த நாற்காலி? கோட்டையிலே உள்ளதா, நகரமன்றத்திலே உள்ளதா? காலியானது எப்போது? அமரப்போவது யார்? நம்மவரா, பிறரா? — இப்படி ஆயிரம் வினாக்கள் அலைமோதும். அரசியல் உள்ளம் அப்படிப்பட்டது. நாற்காலி என்றதும் நிமிர்ந்து உட்காரும் உள்ளம்!

பொறுத்தருள்க தோழர்களே! நான் கூறும் நாற்காலிக்கு மெத்தை கிடையாது. மேலே விசிறி கிடையாது. நான்கு கால்களிலே ஒன்று சற்றே குட்டை. மடித்த அட்டையை முட்டுக் கொடுத்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதிலே அமர்வதற்காக எவரும் சுவரொட்டி ஒட்டியதில்லை; எவரும் கட்சி மாறியதில்லை; எவரும் யாரையும் காட்டிக் கொடுத்ததில்லை. கரும்பலகைக்கு அருகே, ஏழாம் வகுப்பு அறையிலே கிடக்கும் ஆசிரியரின் நாற்காலி அது.

அந்த நாற்காலியிலே அண்மையில் நாற்பது நிமிடம் அமர்ந்து, தோற்று, வெட்கி, பிறகு சிறிதளவு கற்றுக்கொண்டு வெளியேறிய கதையைத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள்முன் வைக்கிறேன்.

சிற்றூர் ஒன்றிலே மாலையில் பொதுக்கூட்டம். காலையிலேயே சென்றுவிட்டேன். அவ்வூர்ப் பள்ளியின் ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகள் நாடகம் ஒன்று ஆயத்தம் செய்வதாகவும், ஒத்திகையைப் பார்த்துத் திருத்தம் சொல்ல வேண்டுமென்றும் தலைமையாசிரியை அம்மையார் கேட்டிருந்தார். நாடகம் என்றால் நான் மறுப்பேனா? சென்றேன்.

பள்ளிக்குள் நுழைந்தபோது அம்மையார் மேசைமீது ஓர் ஏட்டை விரித்து வைத்துக்கொண்டு, கையிலே எழுதுகோலும் நெற்றியிலே கவலையுமாக இருந்தார். எவரெவர் வரவில்லையோ அவரவர் வகுப்புக்கு வேறு யாரை அனுப்புவது என்று காலைதோறும் எழுதும் ஏடு அது.

“ஐயா, இன்றைக்கு நால்வர் இல்லை” என்றார். “ஒருவருக்குக் காய்ச்சல். ஒருவர் மகப்பேறு விடுப்பு. ஒருவரைப் பயிற்சிக்கு அழைத்திருக்கிறார்கள். நான்காமவர் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் இடத்துக்கு இன்னும் எவரும் வரவில்லை.”

நால்வர் இல்லை, ஆனால் நால்வகை இல்லாமை! காய்ச்சல் எவருக்கும் வரும். தாய்மை போற்றத்தக்கது, தமிழக அரசுப் பணியிலுள்ள மகளிர்க்கு மகப்பேறு விடுப்பு 2021-ஆம் ஆண்டிலே ஒன்பது திங்களிலிருந்து பன்னிரண்டு திங்களாக உயர்த்தப்பட்டதை வாழ்த்தியவன் நான், இன்றும் வாழ்த்துகிறேன். பயிற்சி தேவை. ஆனால் நான்காவது இல்லாமை? அது நோயல்ல, தாய்மையல்ல, பயிற்சியுமல்ல. அது வெற்றிடம்! இந்த நான்கையும் ஒரே ஏட்டிலே, ஒரே மையிலே எழுதி, ஒரே வகையாகச் சமாளிக்கிறோமே — அங்கேதான் கோளாறு தொடங்குகிறது. அதை அப்போது நான் உணரவில்லை.

“ஏழாம் வகுப்பை மட்டும் ஒரு பாடவேளை பார்த்துக்கொள்ள முடியுமா? நான் பக்கத்து அறையில்தான் இருப்பேன்” என்று கேட்டார். எனக்கோ உள்ளூரச் சிரிப்பு. பத்தாயிரம் பேர் கூடிய திடலிலே, பெய்த மழையிலே, ஒருவரும் கலையாதபடி இரண்டு மணி நேரம் பேசியவனுக்கு நாற்பது சிறுவர் சிறுமியர் எம்மாத்திரம்?

சென்றேன். எழுந்து நின்று வணங்கினர். “மாணவச் செல்வங்களே!” என்று தொடங்கினேன். கல்வியின் பெருமை, காலத்தின் அருமை, உழைப்பின் உயர்வு — மேடையிலே கைதட்டல் பெற்ற அத்தனையையும் எடுத்து வீசினேன். முதல் நிமிடம் அமைதி. மூன்றாம் நிமிடம் கடைசி வரிசையிலே கிசுகிசுப்பு. ஐந்தாம் நிமிடம் யாரோ யாருடைய பையையோ உதைத்தார்கள். எட்டாம் நிமிடம் வகுப்பு சந்தையாகிவிட்டது. பத்தாம் நிமிடம், எந்த வாயால் சுதந்திரம் பற்றி முழங்கினேனோ அந்த வாயாலேயே, “வாயை மூடு! கையைக் கட்டு!” என்று கத்தினேன்.

முன்வரிசையிலே இருந்த சிறுமி ஒருத்தி எழுந்தாள். “சார், எங்க சார் எப்ப வருவாரு?” என்று கேட்டாள். பகையில்லை, கேலியில்லை, உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டாள். பேச்சாளன் பெருமை பொடிப்பொடியாயிற்று!

ஏன் தோற்றேன்? பிறகு எண்ணிப் பார்த்தேன். திடலுக்கு வருபவன் கேட்க விரும்பி வருகிறான். பிடிக்காவிட்டால் எழுந்து தேநீர்க் கடைக்குப் போய்விடுவான். அந்த உரிமை அவனுக்கு உண்டு. அந்த உரிமை அவனிடம் இருப்பதால்தான் அவன் அமர்ந்திருப்பது எனக்குப் பெருமை. வகுப்பறையிலே உள்ள பிள்ளைக்கோ எழுந்து போகும் உரிமை இல்லை. போக முடியாதவர்களை உட்கார வைத்துப் பேசுவதை வெற்றி என்று எப்படிச் சொல்வது?

அந்த நேரத்திலே வாசற்படியில் ஒரு நிழல். தையல் ஆசிரியை ஒருவர், வயதிலே மூத்தவர், பகுதி நேரப் பணியாளர். வகுப்பின் இரைச்சல் கேட்டு வந்தவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கையிலிருந்த பழைய செய்தித்தாள் கட்டை என்னிடம் நீட்டி, “ஐயா, ஆளுக்கு ஒரு தாள் கொடுங்கள். எத்தனை முறை பாதி பாதியாக மடிக்க முடியும் என்று கேளுங்கள். மடிக்கும் முன்பே விடையைப் பலகையில் எழுதச் சொல்லுங்கள்” என்றார். அவ்வளவுதான், போய்விட்டார்.

கேட்டேன். “பத்து!” என்றான் ஒருவன். “இருபது!” என்றாள் ஒருத்தி. “நூறு!” என்றான் கடைசி வரிசைச் சூரன். எல்லாம் பலகையிலே எழுதப்பட்டன. பிறகு நாற்பது தாள்கள் ஒரே நேரத்தில் மடிந்தன. ஒன்று... இரண்டு... மூன்று... நான்கிலே சிரிப்பு நின்றது. ஐந்திலே நெற்றி சுருங்கியது. ஆறிலே பற்கள் கடிபட்டன. ஏழாவது மடிப்பை மல்லுக்கட்டி முடித்தவர்கள் இரண்டொருவர். எட்டாவது? எவராலும் ஆகவில்லை!

“ஏன்?” என்று கேட்டேன். எனக்கும் விடை தெரியாது. ஆகவே அது நேர்மையான கேள்வி. பலகையருகே ஓடி வந்தனர். ஒரு மடிப்புக்கு இரண்டு அடுக்கு; இரண்டுக்கு நான்கு; பிறகு எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்து நான்கு; ஏழாவது மடிப்பிலே 128 அடுக்கு! எழுதியவர்கள் அவர்கள், நான் சுண்ணக்கட்டியை எடுத்துக் கொடுத்தவன் மட்டுமே.

அப்போது ஓரத்திலே உட்கார்ந்திருந்த பையன் ஒருவன், துணி தேய்க்கும் வண்டிக்காரரின் மகன், எழுந்து சொன்னான்: “தடிச்சுப் போயிடுது சார். வளையற எடத்துக்கே பாதி செலவாயிடுது. மடிக்க மிச்சம் இல்ல. போர்வை மடிக்கறப்பவும் அப்படித்தான்.”

தோழர்களே! அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவிலே பிரிட்னி கேலிவன் என்ற பள்ளி மாணவி 2002-ஆம் ஆண்டிலே ஏறத்தாழ 1,200 மீட்டர் நீளமுள்ள மெல்லிய காகிதச் சுருளைப் பன்னிரண்டு முறை மடித்துக் காட்டினார். ஒவ்வொரு மடிப்பின் வளைவிலும் எவ்வளவு காகிதம் செலவாகிறது, ஆகவே எத்தனை மடிப்புக்கு எவ்வளவு நீளம் வேண்டும் என்பதற்குக் கணக்கு வாய்பாடும் தந்தார். அதை நான் பின்னர்தான் படித்தேன். அந்த மாணவி வாய்பாட்டிலே எழுதியதன் கருவை, நம் ஊர்ச் சிறுவன் ஒருவன் தன் தந்தையின் தேய்ப்பு வண்டியருகே நின்று கண்டறிந்து வைத்திருக்கிறான்! அவன் பேச ஒரு வேளை வேண்டியிருந்தது. அது, ஆசிரியர் வராத வேளையாக வாய்த்தது.

மணி அடித்தது. முன்வரிசைச் சிறுமி மீண்டும் எழுந்தாள். “நாளைக்கும் வருவீங்களா சார்?”

“இல்லையம்மா, நான் வெளியூர்.”

“அப்ப நாளைக்கு யாரு வருவாங்க?”

அன்று மாலை மேடையிலே உலக அரசியல் பேசினேன், உள்நாட்டு அரசியல் பேசினேன், கைதட்டலும் கிடைத்தது. ஆனால் அந்தச் சிறுமியின் கேள்விக்கு மட்டும் என்னிடத்திலே விடை இல்லை.

இந்தக் கேள்வி என்னை ஏன் இவ்வளவு தைக்கிறது? காரணம் உண்டு. கல்லூரிப் படிப்பை இடையிலே விட்டவன் நான் என்பதைப் பலர் அறிவீர்கள். நான் பயின்ற பள்ளியிலே, ஒன்பதாம் வகுப்பிலே, கணக்கு ஆசிரியர் நாற்காலி ஆண்டின் பெரும்பகுதி காலியாகவே கிடந்தது. யாரோ ஒருவர் வருவார்; “சத்தம் போடாமல் தலையைக் கவிழ்த்துப் படுங்கள்” என்பார்; தம் வேலையைப் பார்ப்பார். நாற்பது நிமிடம் மேசையின் மரநெடியை முகர்ந்துகொண்டு படுத்திருப்போம். எனக்கு இன்றும் நினைவிருப்பது அந்த நெடி, நினைவில்லாதது இயற்கணிதம். பிற்பாடு கல்லூரியிலே கணக்கு என்னைக் கவிழ்த்தது. முழுப் பழியையும் அந்த நாற்காலிமீது சுமத்தமாட்டேன். மேடை மயக்கமும் இருந்தது. ஆனால் விரிசல் எங்கே விழுந்தது என்று கேட்டால், விரல் அங்கேதான் நீளும்.

ஒரு பாடவேளைதானே, போனால் என்ன என்பார் உளர். கணக்குப் பார்ப்போம். வாரத்திற்கு ஐந்து வேளை வீணாகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வாரத்தில் இருபது வேளை. வேளைக்கு நாற்பது நிமிடமென்றால் 800 நிமிடம். பதின்மூன்று மணி இருபது நிமிடம்! இது ஒரு பிள்ளைக்கு. வகுப்பிலே நாற்பது பிள்ளைகள். திருடன் ஒருவன் மாதந்தோறும் ஒவ்வொரு வீட்டிலும் புகுந்து இவ்வளவு எடுத்துச் சென்றால் ஊர் சும்மா இருக்குமா? இங்கே ஓசையின்றிக் களவு போகிறது, பறிகொடுத்தவனுக்கே தெரியவில்லை.

அந்தக் களவிலும் பாகுபாடு உண்டு! மாடி வீட்டுப் பிள்ளைக்கு மாலையிலே தனிவகுப்பு, வீட்டிலே நூல்கள், கேட்டால் சொல்லித் தரப் படித்த தாய் தந்தையர். பகலிலே இழந்ததை இரவிலே ஈடுகட்டிக் கொள்ளும். தேய்ப்பு வண்டிக்காரரின் மகனுக்கு? அவனுக்குக் கிடைப்பது அந்த நாற்பது நிமிடமே. 1956-லே தொடங்கி, 1982-லே விரிந்து, 2022-லே காலைச் சிற்றுண்டியாகவும் மலர்ந்த உணவுத் திட்டங்களால் அவனைப் பள்ளிக்கு வரவழைத்துவிட்டோம். வந்தவனை வரவேற்பது காலி நாற்காலியா?

சட்டம் என்ன சொல்கிறது? 2009-இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, அரசின் பள்ளியிலே காலியிடம், ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்களில் பத்து விழுக்காட்டுக்கு மேல் போகலாகாது என்கிறது. நான்கு ஆசிரியர் இருக்க வேண்டிய பள்ளியிலே ஒருவர் இடம் காலியென்றால் இருபத்தைந்து விழுக்காடு காலி! 27-ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் மீட்பு, தேர்தல் ஆகியவை தவிரக் கல்வி சாரா வேறு பணிக்கு ஆசிரியரை அனுப்பலாகாது என்கிறது. சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது, நாற்காலிதான் தள்ளாடுகிறது.

காலியிடங்களை நிரப்ப என்ன செய்யப்பட்டது? 2012-லே தமிழகத்தில் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்றவற்றுக்காக 16,549 பகுதி நேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு அமர்த்தப்பட்டனர். 2022-லே 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்களின் வாயிலாகத் தற்காலிகமாக நிரப்ப ஆணை பிறந்தது. இடைநிலை ஆசிரியர்க்கு 7,500, பட்டதாரி ஆசிரியர்க்கு 10,000, முதுநிலை ஆசிரியர்க்கு 12,000 ரூபாய் என்று ஊதியம் வகுக்கப்பட்டது. வேறு வேறு ஆட்சிகள், ஒரே வழி! ஆட்சி எவருடையது என்று பார்த்துச் சினம் கொள்வது நமக்கு அழகன்று. நம்முடையதாயினும் கேட்போம்: ஆண்டு முழுவதும் தேவைப்படும் ஆசிரியர், எப்படித் தற்காலிகமாவார்?

“அப்படியானால் நாற்காலியை நிரப்பப் போராடு! காகிதம் மடிக்கும் வேடிக்கை எதற்கு? வேடிக்கை காட்டி வெற்றிடத்தை மறைக்கப் பார்க்கிறாயா?” என்று கொதிப்பார் நம் தோழர்களில் சிலர். நியாயமான கொதிப்பு. நானே என்னைக் கேட்டுக்கொண்ட கேள்வி. ஆனால் எண்ணிப் பாருங்கள். நெற்கிடங்கைத் திறக்கச் சொல்லிப் போராடுகிறோம். போராட்டம் ஒரு திங்கள் நீடிக்கிறது. அதுவரை வீட்டிலே உலை ஏற்ற வேண்டாமா? இன்று ஏழாம் வகுப்பிலே இருக்கும் பிள்ளை, ஆணை பிறந்து, தேர்வு நடந்து, பட்டியல் வெளியாகி, ஆசிரியர் வரும்வரை ஏழாம் வகுப்பிலேயே காத்திருக்குமா? அன்றியும், எல்லா இடமும் நிரம்பிய பொன்னாளிலும் காய்ச்சல் வரும், மகவு பிறக்கும். மாற்று ஆசிரியர் என்பவர் என்றும் இருப்பார்.

அவருடைய இடரையும் நாம் அறிய வேண்டும். வரலாறு கற்பிப்பவரைத் திடீரெனக் கணக்கு வகுப்புக்கு அனுப்புகிறார்கள். தம் வகுப்பு நோட்டுகளைத் திருத்தவிருந்த ஒரே ஓய்வு வேளையும் அவருக்குப் பறிபோகிறது. பிள்ளைகளின் பெயர் தெரியாது. பாடம் எங்கே நிற்கிறது என்பது தெரியாது. அவர் என்ன செய்வார்? “இருபதாம் பக்கத்தைப் பார்த்து எழுது” என்பார். அது பாடமா? தண்டனை! ஆசிரியர் வராததற்கு மாணவருக்குத் தண்டனை!

வேறு வழி உண்டா? குஜராத்திலே கிஜுபாய் பதேகா என்றொருவர் இருந்தார். வழக்கறிஞர் தொழிலை உதறிவிட்டுப் பிள்ளைகளிடம் வந்தவர். 1920-லே பாவ்நகரில் குழந்தைகளுக்கென்றே பள்ளி கண்டவர். 1930-களின் தொடக்கத்தில் அவர் எழுதிய ‘பகற்கனவு’ என்ற நூல் தமிழிலும் வந்திருக்கிறது. அதிலே வரும் ஆசிரியன் பெரும் திட்டத்தோடு நான்காம் வகுப்புக்குள் நுழைகிறான், பிள்ளைகளை அமைதியாக இருக்கச் செய்யும் பயிற்சியை முதல் நாளே தொடங்குகிறான், வகுப்பு அமளிதுமளியாகிறது. மறுநாள் கதை சொல்லத் தொடங்குகிறான். வகுப்பு அவன் வசமாகிறது. கிஜுபாயின் கதைமாந்தனே முதல் நாள் தோற்றான் என்று படித்தபோது, எட்டு நிமிடத்தில் தோற்ற எனக்குச் சற்று ஆறுதல்!

ஆகவே, பழிக்கத்தக்கது தோல்வியன்று, ஆயத்தமின்மைதான். மாற்று ஆசிரியருக்குத் தேவை பெரும்பொருள் அன்று. சுண்ணக்கட்டி, காகிதம், நூல் போதும். இரண்டே நிமிடத்தில் தொடங்க வேண்டும். அந்த மணிக்குள் முடிய வேண்டும். ஒவ்வொரு பிள்ளையின் கையோ வாயோ அதிலே ஈடுபட வேண்டும். மறுநாள் வரும் ஆசிரியரிடம் காட்ட ஏதேனும் ஒன்று மிஞ்ச வேண்டும். வெறும் பொழுதுபோக்குக்கும் இதற்கும் வேறுபாடு அந்தக் கடைசி விதியிலேதான் இருக்கிறது.

காகித மடிப்பைச் சொன்னேன். இன்னும் சில கேளுங்கள்.

சொற்சங்கிலி. முதல் பிள்ளை ‘பலகை’ என்கிறது. அடுத்தது ‘கைவிரல்’ என்கிறது. மூன்றாம் பிள்ளை ‘ல’ என்ற எழுத்திலே சொல் தேடித் தவிக்கிறது. ‘லட்டு!’ என்று கூவுகிறது. இங்கேதான் ஆட்டத்தை நிறுத்திக் கேட்க வேண்டும்: எந்தெந்த எழுத்திலே வந்து மாட்டிக்கொள்கிறோம்? பிள்ளைகள் பட்டியல் போடும். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன — இந்த எட்டும் தமிழ்ச் சொல்லுக்கு முதலிலே வாரா என்ற நன்னூலார் விதியைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடும்! லட்டும் ரயிலும் டம்ளரும் விருந்தினர்கள் என்பதும் விளங்கும். இலக்கண வகுப்பிலே கொட்டாவி விட்ட பிள்ளை, ஆட்டத்திலே இலக்கணம் கண்டுபிடிக்கும்.

கணக்கு. ஒன்றிலிருந்து நூறுவரை கூட்டச் சொன்ன ஆசிரியரைச் சிறுவன் காஸ் நொடியிலே திகைக்க வைத்தான் என்று ஒரு கதை வழங்குகிறது. கதையைச் சொல்லுங்கள்; விடையைச் சொல்லாதீர்கள். முதலும் கடையும் சேர்ந்தால் 101, இரண்டாவதும் கடைக்கு முந்தியதும் சேர்ந்தால் 101, இப்படி ஐம்பது இணை, ஆக 5,050. இதை ஒரு பிள்ளை கண்டுபிடித்துக் கூவும் நொடிக்காக இருபது நிமிடம் காத்திருக்கலாம்.

அறிவியல். அரவிந்த் குப்தா, கான்பூர் ஐ.ஐ.டி.யிலே பயின்ற பொறியாளர். 1978-லே ஆலைப் பணிக்கு ஓராண்டு விடுப்புப் போட்டுவிட்டு, மத்தியப் பிரதேசத்து ஹோசங்காபாத் ஊரகப் பள்ளிகளின் அறிவியல் திட்டத்துக்குச் சென்றார். தீக்குச்சிகளை மிதிவண்டியின் வால்வு ரப்பர்க் குழாய்த் துண்டுகளால் இணைத்து வடிவங்கள் செய்யும் வழியை அங்கே உருவாக்கினார். மூன்று குச்சியில் முக்கோணம் செய்து அழுத்துங்கள், அசையாது. நான்கிலே சதுரம் செய்து அழுத்துங்கள், சாய்ந்துவிடும். பாலத்திலும் கூரையிலும் ஏன் முக்கோணம் முக்கோணமாக இரும்பு பொருத்துகிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் ஏது?

நாடகம். என் தொழிலைப் பற்றி ஒரு சொல் சொல்லக்கூடாதா? உரையாடலை எழுதித் தராதீர்கள். நிலைமையை மட்டும் கொடுங்கள். தெருக்குழாயிலே மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை. ஒருத்தி குடத்தோடு வந்தவள்; ஒருவன் குழாய் திறப்பவன்; ஒருவன் ஊராட்சித் தலைவர்; ஒருத்தி பள்ளிக்கு நேரமாகிவிட்ட மாணவி. நடிக்கட்டும். பாதியிலே நிறுத்தி, குடம் ஏந்தியவளைத் தலைவராக்குங்கள். தலைவரிடம் குடத்தைக் கொடுங்கள். பிறகு அனைவரும் ஊராட்சிக்கு ஒரு விண்ணப்பம் எழுதட்டும். மொழிப்பாடத்திலே கடிதம் எழுதுதல் இருக்கத்தானே செய்கிறது? மறுநாள் ஆசிரியரிடம் காட்ட நாற்பது விண்ணப்பங்கள் இருக்கும்.

இவையெல்லாம் புதுமையென்று நான் மார்தட்டவில்லை. 2003-லே சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-லே மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், அட்டைகளைக் கையிலே கொடுத்துப் பிள்ளையைத் தானே கற்கச் செய்தது. நம் ஆசிரியர்கள் பலருக்கு இவை கைவந்த கலை. அந்தத் தையல் ஆசிரியைக்கு யார் கற்பித்தது? துணியும் அனுபவமும்! அவர் அறிந்ததை அடுத்த அறைக்காரர் அறிய வழியில்லை என்பதுதான் குறை.

இனி நாம் செய்ய வேண்டியது என்ன?

ஒன்று. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவிலே நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் மகளிர். தோழர்களே, தோழியர்களே, நீங்களும் பெற்றோர்தாமே! குழு கூடும் நாளிலே சென்று அமருங்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “சென்ற திங்களில் ஆசிரியர் வராத பாடவேளைகள் எத்தனை? அவற்றிலே காய்ச்சலால் எத்தனை, வெற்றிடத்தால் எத்தனை?” குற்றம் சாட்டும் குரலிலே கேட்காதீர்கள், தலைமையாசிரியர் நம் எதிரி அல்லர், அவர் நம்மினும் அதிகமாகத் தவிப்பவர். நால்வகை இல்லாமையையும் பிரித்து எழுதிவிட்டால், வெற்றிடம் என்பது ஓலமிடத் தொடங்கும். அந்த எண்ணோடு மேலே செல்லுங்கள், மனுக்கொடுங்கள், போராடுங்கள்.

இரண்டு. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு பெட்டி. அதிலே பழைய செய்தித்தாள், சுண்ணக்கட்டி, நூற்கண்டு, தீக்குச்சி, வால்வுக் குழாய். அத்துடன் அப்பள்ளி ஆசிரியர்களே தாம் அறிந்த ஆட்டங்களை ஒவ்வொன்றாக எழுதிய அட்டைகள். எவர் மாற்றாக வந்தாலும் பெட்டியைத் திறந்தால் போதும். தலைவர்களை வரவேற்று நாம் கட்டும் பதாகைகளிலே ஒன்றைக் குறைத்தால் ஒரு பெட்டிக்கு மேலேயே ஆகும். என்னை வரவேற்றுக் கட்டுவதாக இருந்தால், முதலில் அதைக் குறையுங்கள்!

மூன்று. இது கடுமையானது, ஆயினும் சொல்லியாக வேண்டும். வகுப்பறைக்குள் நாம் புக வேண்டாம். பெட்டியின்மேல் கட்சியின் வண்ணம் வேண்டாம், பெயர் வேண்டாம், படம் வேண்டாம். போக முடியாதவர்களை உட்கார வைத்துப் பேசுவது வெற்றியன்று என்பதை அந்த எட்டு நிமிடத்திலே கற்றவன் சொல்கிறேன். கொடி வாசலோடு நிற்கட்டும். பெட்டி மட்டும் உள்ளே போகட்டும்.

தோழர்களே! நாற்காலியைப் பற்றித் தொடங்கினேன், நாற்காலியிலேயே முடிக்கிறேன். அரசியல்வாதிகள் நாற்காலிக்கு அலைபவர்கள் என்று எள்ளி நகையாடுவோர் உளர். அலைவோம்! ஊர் ஊராக, பள்ளி பள்ளியாக அலைவோம்! நாற்காலியைப் பிடிப்பதற்கன்று, நிரப்புவதற்கு. நிரம்பும்வரை அதன் எதிரே அமர்ந்திருக்கும் நாற்பது பேரின் நாற்பது நிமிடம் நாசமாகாமல் காப்பதற்கு.

“நாளைக்கு யாரு வருவாங்க?” என்று கேட்ட சிறுமிக்கு, நாம் கூட்டாகச் சொல்ல வேண்டிய விடை அது. அடுத்த முறை அவ்வூருக்குச் செல்லும்போது, விடையோடு செல்ல விரும்புகிறேன்.